ஏ பதிவேட்டில் ஒரு பாடம்

(மாலைப்பள்ளி ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, நான் வாத்தியார் இல்லை. வங்கியில் கிளார்க். பயிர்க்கடன் மேஜையில் உட்கார்ந்து சிட்டா, அடங்கல் புரட்டுகிறவன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பானிப்பட்டில் எத்தனை சண்டை என்று கேட்டால் நம்ம பிள்ளைகள் மூன்று என்கிறார்கள், வருஷத்தோடு. சொல்லட்டும், மார்க் வேணும். ஆனா ஊருக்குக் கிழக்கே கருவேலம் மண்டிக் கிடக்கிற நிலம் யாரோடது என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லாத சனம் என்று அதில் பதிவாகியிருக்கிறது. 1892இல் நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் நம்ம சனத்துக்குள் மட்டும்தான். இது வரலாறு.

நிலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஏரி மதகு எந்தப் பக்கம், தண்ணி எதுவரை பாய்கிறது, நமக்கு ஒதுக்கிய துண்டு மட்டும் ஏன் மேட்டில் கிடக்கிறது? பூகோளம் முடிந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிற ஏ பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு எதிரே 'டி.சி.' என்று இருக்கிறதா? காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். இதைவிடக் குடிமையியல் எந்தப் புத்தகத்தில் இருக்கு?

லேசாகச் சொல்லிவிட்டேன். நடந்ததையும் சொல்லணும். எங்க ஊரில் எட்டாவது படிக்கிற ஒரு பெண் அந்த நிலத்தை வரைந்து பச்சை அடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவ அப்பா கிழித்துப் போட்டார். "நாளைக்கு அந்தாளு கொல்லைக்குத்தானப்பா நான் கூலிக்குப் போவணும்" என்றார் என்னிடம். எனக்கு மாதச் சம்பளம். என்ன பதில் சொல்ல? 1994இல் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டவர்கள் மேல் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். அவருக்கு அந்த வரலாறு தெரியும். நாம் நடத்த வேண்டியதில்லை.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மனுவில் பிள்ளை பெயரோ அப்பன் பெயரோ வர வேண்டாம். சம்பளக்காரர்கள் நாம் கையெழுத்துப் போடுவோம். பாடம் நடத்தும்போது பெரியவர்களையும் உட்கார வையுங்கள், கிழித்தவரையும் சேர்த்து.

அந்தப் பெண் மறுபடி வரைந்திருக்கிறாள். நோட்டு இப்போ என்னிடம் இருக்கு.