மடக்குக் கத்தியின் மாண்பு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனும், பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாகக் காலம் கழிப்பவனுமாகிய என்னை, கற்றோர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில் ஏற்றி வைத்த செயலாளர் அவர்கள், "உமக்கு நன்கு தெரிந்த பொருளைப் பற்றிப் பேசினால் போதும்" என்று கூறினார். எனக்குச் சிறிதளவேனும் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்று. அது சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தி.

கோடை விடுமுறையில் நம் காலனிச் சிறுவர் சிறுமியர்க்கு மரம் செதுக்கும் வகுப்பு ஒன்று நடத்தலாமா என்று செயற்குழுவில் நான் கேட்டபொழுது, "குழந்தைகள் கையில் கத்தியா?" என்று ஒரு வினா எழுந்தது. பெற்ற வயிற்றிலிருந்து எழும் வினா அது. அதனைக் குறை கூற நான் யார்? ஆயினும் அவ்வினாவுக்கு விடை உண்டு. அவ்விடையே இன்றைய என் உரை.

முதலில் பெயரைப் பாருங்கள். இதனை நம்மவர் பேனாக்கத்தி என்று அழைக்கின்றனர். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு? மேனாட்டார் பறவையின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலம் ஒன்று இருந்தது. பேனா என்னும் சொல்லின் வேர், லத்தீன் மொழியில் இறகைக் குறிப்பதுதான். எழுத எழுத இறகின் முனை மழுங்கும். மீண்டும் சீவ வேண்டும். அதற்கென எழுதுவோர் ஒவ்வொருவரும் சிறு கத்தி ஒன்றை உடன் வைத்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலைகள் எஃகு முனைகளைப் பெருவாரியாகச் செய்து தள்ளவே, இறகு மறைந்தது. கத்தியின் பெயர் மட்டும் நிலைத்தது. ஆகவே, இக்கத்தி போர்க்களத்தில் பிறந்ததன்று. எழுதுவோன் மேசையில் பிறந்தது.

"அது மேனாட்டுக் கதை; நமக்கென்ன?" என்பீர்களாயின், நம் முன்னோரின் எழுத்தாணியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எழுத்தாணியில் பல வகை உண்டு. தலை பருத்தது குண்டெழுத்தாணி. ஓலையின் ஓரத்தை வாரிச் செம்மை செய்வதற்காகத் தலையில் சிறு கத்தி பொருந்தியது வாரெழுத்தாணி. மூன்றாவது ஒன்று இருக்கிறதே, அதுதான் என் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. ஒரு பிடியின் ஒரு முனையில் எழுதும் ஊசி. மறுமுனையில் ஓலை வாரும் கத்தி. இரண்டையும் பிடிக்குள்ளேயே மடக்கி வைத்துக்கொள்ளலாம். இதன் பெயர் மடக்கெழுத்தாணி. இதைவிடச் சிறந்த பேனாக்கத்தி வேறெங்கேனும் உண்டா? தமிழ் எழுதிய கை, மடக்குக் கத்தி பிடித்த கையுமாகும். கத்தியின்றி ஓலை இல்லை. ஓலையின்றிச் சுவடி இல்லை. சுவடியின்றி நம் பழந்தமிழ்ச் செல்வம் நம்மிடம் வந்து சேர்ந்திராது.

பிற நாடுகளிலும் இச்சிறு கருவி எளிய மக்களின் தோழனாகவே வாழ்ந்திருக்கிறது. பிரான்ஸ் தேசத்தின் மலைநாடாகிய சவாய்ப் பகுதியில் ஜோசப் ஒபினெல் என்பவர் 1890இல் உழவர்களுக்கென ஒரு கத்தியைச் செய்தார். ஒரு மரப்பிடி, ஓர் எஃகு அலகு, இரண்டையும் இணைக்கும் ஆணி, ஒரு வளையம், அவ்வளவே. 1897இல் அதனைச் சிறிதும் பெரிதுமாக 12 அளவுகளில் வரிசைப்படுத்தினர். 1955இல் விரிந்த அலகு கைமேல் மடங்காதபடி பூட்டும் வளையத்தைச் சேர்த்தனர். ரொட்டி அறுக்கவும், திராட்சைக் கொடி கழிக்கவும், மரம் சீவவும் இன்றளவும் அங்கே அது பயன்படுகிறது.

ஜப்பானில் மிகி என்னும் ஊர்க் கொல்லர்கள் 1890களில் தொடங்கிச் செய்துவரும் கத்திக்கு ஹிகோனோகாமி என்று பெயர். மடித்த தகடே அதற்குப் பிடி. பூட்டு இல்லை; வில் இல்லை; அலகின் பின்னால் நீண்டிருக்கும் சிறு நாக்கைக் கட்டை விரலால் அழுத்திப் பிடிப்பதே காவல். பள்ளிப் பிள்ளைகள் அக்கத்தியால் பென்சில் சீவினர். மூங்கிலில் விளையாட்டுப் பொருள் செய்தனர். 1960இல் அசனுமா என்னும் அரசியல் தலைவர் பொதுமேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அதன்பின் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் எழுந்தது. கொன்றது குட்டை வாள். தண்டனை பெற்றதோ பென்சில் சீவிய கத்தி! கத்தி செய்து பிழைத்த கொல்லர் பலர் தொழிலைக் கைவிட்டனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? நாம் பிழைப்புக்கு வந்து குடியமர்ந்திருக்கும் இந்த முராதாபாத்திலிருந்து பரேலி செல்லும் ரயிலில் ஏறினால், வழியில் ராம்பூர் வருகிறது. ராம்பூர் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது யாது? ஹிந்தித் திரைப்படங்களில் வில்லன் 'சடக்'கென விரிக்கும் ராம்பூரிக் கத்தி. நவாபு காலத்திலிருந்து அங்கு வாழையடி வாழையாக வந்த கைவினை அது. பித்தளைப் பிடியும், விரித்தவுடன் தானே பூட்டிக்கொள்ளும் அலகும் அதன் சிறப்பு. ஆயின், அலகு நீண்டுகொண்டே போயிற்று, புகழும் கோணிற்று. 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகினை மாநில அரசு தடை செய்தது. கத்திக் கடைகள் நிறைந்திருந்த ஊரில் இன்று அத்தொழில் செய்வோர் மிகச் சிலரே. 2023இல் அந்நகரத்து நாற்சந்தி ஒன்றில் ஏறக்குறைய 20 அடி நீளமுள்ள கத்தியொன்றைச் சிலைபோல் நிறுவியிருக்கின்றனர். கைவினைஞன் வயிறு வாட, கத்திக்குச் சிலை எழுந்தது!

அதே ராம்பூரில்தான் ரஸா நூலகம் இருக்கிறது. அரபி, பாரசீகச் சுவடிகளோடு தமிழ் உள்ளிட்ட நம் நாட்டு மொழிகளின் கையெழுத்துப் பிரதிகளும், பனையோலைச் சுவடிகளும் அங்கே காக்கப்படுகின்றன. ஒரே ஊரில் ஒருபுறம் ஓலை வாரிய கத்தியின் பயன். மறுபுறம் உயிரை அச்சுறுத்திய கத்தியின் பழி. இரண்டும் எஃகுதான். வேற்றுமை எஃகில் இல்லை. அதனைப் பிடித்த கையில் இருக்கிறது. ஆதலின் கையைப் பழக்குவதே நாம் செய்யத்தக்கது.

நண்பர்களே, கத்தி சேர்ப்பது செல்வர்க்குரிய பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டா. குமாஸ்தாவின் சம்பளத்துக்குள் அடங்கும் இன்பம் இது. பழைய சாமான் கடைகளிலும், வாரச் சந்தைகளிலும் பொறுமையோடு தேடினால் நல்ல கத்தி கிடைக்கும். வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள். விரித்த அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது. மடக்கும்பொழுது முதுகிலுள்ள வில்தகடு அழுத்தமாக இழுத்து, 'டக்'கென்று ஒலி எழுப்ப வேண்டும். மடக்கிய நிலையில் அலகின் முனை பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாகாது. நீட்டினால் முதலில் கிழிவது சட்டைப் பை, அடுத்தது விரல். மேல் துருவைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அது தேய்த்தால் போகும். சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியாகத் தேய்ந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

பழங்கத்திகளின் கரிம எஃகு எளிதில் கூர்மை கொள்ளும். எளிதில் துருவும் ஏறும். மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினால் உடனே கழுவித் துடைக்க வேண்டும். மூட்டில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும்.

கூர்மைப்படுத்துவது ஒரு தவம். சாணைக்கல்லில் நீர் தெளித்து, அலகின் முதுகைச் சற்றே உயர்த்தி, கோணம் மாறாமல் இருபுறமும் சம எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். பின்னர் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், கூர் பின்னால் வருமாறு சில முறை தீட்ட வேண்டும். தாளை ஓசையின்றி அறுத்தால் கூர் வந்துவிட்டது எனலாம். தாய்மார்கள் அறியாததன்று: மழுங்கிய அரிவாள்மணைதான் கையை வெட்டும். மழுங்கிய கத்திக்கு வலிமை மிகுதியாக வேண்டும். மிகுந்த வலிமை வழுக்கும். வழுக்கியது விரலில் வந்து நிற்கும். கூரிய கத்தியே காவலான கத்தி.

இனி, செதுக்குவதற்கு வருவோம். முதற்பாடம் வேப்பங்குச்சி. இவ்வூரார் பல் துலக்க ஒடிக்கும் பச்சைக் குச்சியின் தோலை மெல்லச் சீவுவதற்குப் பத்து வயதுப் பிள்ளையாலும் முடியும். இரண்டாம் பாடம் நம்மூர்க் கிட்டிப்புள். இவ்வூர்ப் பிள்ளைகள் இதையே கில்லி தண்டா என்கின்றனர். புள்ளின் இரு முனைகளையும் கூராகச் சீவும்போதே, மரத்தில் நார் ஓடும் திசையைக் கை அறிந்துகொள்ளும். நாரோடு சீவினால் மரம் இணங்கும், எதிர்த்துச் சீவினால் பிளக்கும். மூன்றாம் பாடத்துக்கு ஆப்பிள் கூடைகளோடு வரும் பைன் மரப்பெட்டிகளின் உடைந்த பலகை போதும். மெல்லிய மரம், விலையில்லாமல் கிடைப்பது. கன்னட நாட்டுச் சன்னபட்டணத்தில் பொம்மை கடையும் மரம் நம் வெட்பாலை. ஆந்திரத்துக் கொண்டபல்லியார் பொனிகி என்னும் மரத்தில் பொம்மை செதுக்குகின்றனர். மெல்லிய மரமே கைவினைக்குத் தாய்.

விதிகள் சில உண்டு. அவற்றை மீறுவோர்க்கு அன்றைக்குக் கத்தி இல்லை. உட்கார்ந்தே செதுக்க வேண்டும். உடலுக்கு வெளிப்புறமாகவே சீவ வேண்டும். கை நீட்டும் தொலைவுக்குள் எவரும் இருக்கலாகாது. பிறரிடம் கொடுக்கும்பொழுது மடக்கியே கொடுக்க வேண்டும். பூட்டில்லாத கத்தியின் முனையால் குத்தவோ துளைக்கவோ கூடாது. அது கைமேல் மடங்கிவிடும். எழுந்து நடக்குமுன் கத்தி மடங்கியிருக்க வேண்டும்.

சட்டத்தையும் மறவேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுகளை, வீடு, வயல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவை நீங்கலாக, ஆயுத வகையில் சேர்க்கின்றன. பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளுக்குச் சில இடங்களில் தனித் தடைகளும் உண்டு. நம் வகுப்புக்கு வேண்டியது மூன்றங்குல அலகுக்குமேல் ஒரு நூலும் இல்லை. வகுப்பு முடிந்ததும் கத்திகள் சங்கத்துப் பெட்டிக்குள் போய்விடும்; சாவி செயலாளரிடம் இருக்கும்.

தாய்மார்களே! நம் பிள்ளைகள் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கின்றனர்; அதற்காகச் சங்கம் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறது. வாய்க்கு மொழி வேண்டுவதுபோலக் கைக்கும் ஒரு மொழி வேண்டும். கைப்பேசியைத் தடவும் விரல்களுக்கு மரத்தின் நார் எது, கணு எது என்று தெரியவில்லை. தன் கையால் ஒரு பொருளைச் செய்து முடித்த பிள்ளைக்கு உண்டாகும் நிமிர்வை எந்த மதிப்பெண்ணும் தந்துவிடாது.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். வரும் நவராத்திரிக் கொலுவில் நம் சங்கத்தார் அமைக்கும் கிராமத்துக்கு வேலியும், கிணற்றுச் சகடையும், மாட்டு வண்டியும் கடையில் வாங்க வேண்டா. நம் பிள்ளைகளே செதுக்கித் தரட்டும். வண்டிச் சக்கரம் கோணலாக இருக்கலாம். வேலி ஏற்ற இறக்கமாக நிற்கலாம். அவற்றின் ஒவ்வொரு கூரிலும் நம் வீட்டுப் பிள்ளையின் கவனம் குடியிருக்கும். அனுமதி அளிக்க வேண்டியவர்கள் நீங்கள். பலகை தேடித் தரவும், சாணை பிடித்துத் தரவும், ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் அமர்ந்து காவல் இருக்கவும் நான் காத்திருக்கிறேன்.