வீட்டு நாயும் கருத்தடையும்

கண்டி வாவியைச் சூழ்ந்த மேடுகளிலே ஏறிச் செல்லும் ஒடுங்கிய பாதைகளில், வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் இடையேயுள்ள எல்லை மிக மெல்லியது. காலையில் வாயிற்படியிலே சோறுண்ட நாயை மாலையில் நாற்சந்தியிலே காணலாம். நாய்க்குக் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்விப்பதா, வேண்டாவா என்று இங்குள்ள குடும்பங்கள் ஆராயும்போது இவ்வுண்மையை மறத்தலாகாது.

கட்டுகஸ்தோட்டையிலே ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். அவ்வீட்டுப் பெட்டை நாய்க்கு ஏழு மாதம். இன்னும் பருவம் வரவில்லை. “ஒருமுறையாவது அது தாயாகட்டும், வாயில்லாச் சீவனை வெட்டுவது பாவம்” என்கிறார் பாட்டியார். “குட்டிகளை நான் வளர்ப்பேன்” என்கிறான் பேரன். தந்தையார் மட்டும் வாய் திறவாதிருக்கிறார். முன்பு வளர்த்த நாய் ஈன்ற ஆறு குட்டிகளில், கடுவன் இரண்டையும் அயலார் விரும்பிக் கேட்டு வாங்கினர். எஞ்சிய நான்கும் பெட்டைகள், அவற்றைக் கேட்பாரில்லை. ஒருநாள் இருட்டோடு அவற்றைப் பெட்டியில் வைத்துச் சந்தையருகே விட்டு வந்தவர் அவரே. அதனை அவர் எவருக்கும் சொன்னதில்லை.

பெட்டை நாய் பொதுவாக ஆறாம் மாதத்திற்கும் பன்னிரண்டாம் மாதத்திற்கும் இடையிலே முதற் பருவம் அடைகின்றது. பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவம் வரும். கருவுற்றால் ஏறக்குறைய 63 நாளில் ஈனும். ஒருமுறை ஈன்றால் நாயின் உடல்நலம் பெருகும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. மாறாக, சிகிச்சை பெறாத பெட்டைகளுக்கு வயது ஏறுங்காற் கருப்பையிற் சீழ் கட்டும் நோய் வரக்கூடும். அது உயிருக்கே உலைவைப்பது. முதற் பருவத்திற்கு முன்னரே சிகிச்சை செய்தால் முலைக் கட்டிகள் மிக அரிதாகும் என்று 1969இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கூறியது. ஆயினும், அதற்குரிய சான்றுகள் அத்துணை வலியனவல்ல என்று 2012இல் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தோர் கூறினர்.

மறுபக்கமும் உண்டு. மயக்க மருந்து எதுவும் முற்றிலும் ஆபத்தற்றதன்று. சிகிச்சைக்குப் பின் உணவைக் குறைக்காவிடின் உடல் பருக்கும். சில பெட்டைகளுக்குச் சிறுநீர் தானே கசிதலும் உண்டு. கோல்டன் ரிட்ரீவர் போன்ற பெரிய இன நாய்களுக்கு ஓராண்டு நிறையுமுன் சிகிச்சை செய்யின் மூட்டு நோய்கள் மிகுவதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2013இல் எடுத்துக் காட்டினர். சிறிய இனங்களிலோ அவ்வேறுபாடு பெரும்பாலும் காணப்படவில்லை. ஆதலால், ஏற்ற வயது யாது என்பதை மிருக வைத்தியரே நாயைப் பார்த்துச் சொல்லல் வேண்டும். கடுவன் நாய்க்குக் காவற் குணம் கெடும் என்பது வீண் அச்சம். ஊர்சுற்றும் இயல்பே குறையும்.

இது ஒரு வீட்டின் செய்தி மட்டுமன்று. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் மாண்டனர். இன்று அத்தொகை மிகக் குறைந்துள்ளதெனில், அதற்கு நாய்களுக்கு இடும் தடுப்பூசியும், கடியுண்டோர் பெறும் சிகிச்சையுமே முதற் காரணங்கள். 2006 முதல் தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் கைவிட்டமையால், தடுப்பூசியும் கருத்தடையுமே எஞ்சிய வழிகளாயின. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கருத்தடை செய்த நாய்க்கும் தடுப்பூசி தவறாது இடல் வேண்டும்.

கட்டுகஸ்தோட்டை வீட்டிற்கு மீள்வோம். பேரன் உறங்கிய பின், தந்தையார் அந்தப் பெட்டியைப் பற்றித் தம் தாயாரிடம் சொல்லிவிடுகிறார். பாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டு, தம்பி. டாக்டர் சொல்லுகிற மாதிரிச் செய்வோம்” என்கிறார்.

கத்தியைப் பாவம் என்றார் அவர். இருளிலே விடப்பட்ட பெட்டியையும் அதே தராசில் வைத்துப் பார்த்த பின்னரே அம்முடிவுக்கு வந்தார். நாய் வளர்ப்போர் ஒவ்வொருவரும், பிறக்கப்போகும் குட்டிகளுக்கு வீடு உண்டா என்று முதலிற் கேட்டுக்கொள்வாராயின், எஞ்சிய வினாக்களுக்கு விடை காண்பது எளிதாகும்.