வலமா, இடமா? இணையிகளின் கதை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



என் துறையைப் பற்றிச் சில நிமிடம் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். இரசாயனவியலைச் சாதாரண தரத்தோடு விட்டவர்களும் பயப்பட வேண்டாம், செருப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

வலக்காற் செருப்பு இடக்காலுக்குப் பொருந்தாது. தோலும் ஒன்று, அளவும் ஒன்று. ஆனால் ஒன்று மற்றதன் ஆடி விம்பம். மூலக்கூறுகள் பலவும் இப்படிச் சோடியாகவே இருக்கின்றன. நமது உடலோ அநேகமாக ஒரு வடிவத்தையே ஏற்கும்.

பார்க்கின்சன் நோய்க்குரிய டோபாவைப் பாருங்கள். 1967இல் இரு வடிவங்களும் கலந்த டோபாவையே நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விறைப்புக் குறைந்தது, ஆனால் சிலருக்கு இரத்தத்தில் வெண்குழியங்களும் குறைந்தன. பயன் தந்தது எல்-டோபா என்ற பாதிதான். பிறகு அதை மட்டும் கொடுத்தார்கள். ஆனால் வழமையான முறையில் தயாரித்தால் இரண்டும் சரிபாதியாகவே வரும். ஒன்றை மட்டும் எப்படிப் பெறுவது?

அமெரிக்காவில் மொன்சாண்டோ கம்பனியில் வேலைசெய்த வில்லியம் நோல்ஸ் உரோடியம் ஊக்கியை எடுத்தார். ஐதரசனைச் சேர்க்கும் வேலையை உலோகம் செய்யும். ஆனால் அதற்கு வலம், இடம் தெரியாது. அதைப் பற்றி நிற்கும் சிறிய மூலக்கூறான இணையிக்குத்தான் அந்தப் பேதம் உண்டு. இணையி ஒரு புறத்தை நெருக்கி மறுபுறத்தில் இடம் விட்டால், இரு வழிகளில் ஒன்று மற்றதைவிட விரைவாக நடக்கும்.

1968இல் அவர் முயன்றபோது, ஒரு வடிவம் மற்றதைவிட 15 சதவீதமே கூடுதலாக வந்தது. நமது பாடசாலையில் 15 என்றால் பெற்றோரை அழைத்துவரச் சொல்வார்கள்! அவர் உலோகத்தை மாற்றவில்லை. இணையியில் பொசுபரசோடு சேர்ந்திருந்த கூட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றினார். மேலதிகம் 88 சதவீதமானது.

இதற்கிடையில், 1971இல் பிரான்சின் ஹென்றி ககான், நம் சமையலறைப் புளியிலும் உள்ள தாத்தாரிக்கமிலத்திலிருந்து ஓர் இணையி செய்தார். அது இரண்டு பொசுபரசு அணுக்களால் உலோகத்தை இறுகப் பற்றியது. நோல்ஸின் குழுவும் இரண்டு பொசுபரசு கொண்ட டிப்பாம்ப் என்ற இணையியைச் செய்தது. மேலதிகம் 95 சதவீதம்! எழுபதுகளில் எல்-டோபா தொழிற்சாலையில் இம்முறையால் உற்பத்தியானது.

2001இல் நோல்ஸ், யப்பானின் நொயோரி, ஷார்ப்லெஸ் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். ஓய்வுபெற்றிருந்த நோல்ஸுக்கு அப்போது வயது 84.

தங்கைகளே, 15 வந்த அன்று அவர் செய்ததையே நினைவில் வையுங்கள். வந்த விடை சிறிதென்றாலும், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார்.

அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள்: நம் ஆய்வுகூடத்துக்கு மூலக்கூற்று மாதிரிப் பெட்டிகள் சில வாங்கிக் கொடுப்போம். வலமும் இடமும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும்.