சென்சார் மாற்றிய பின்னும் தயங்கும் எஞ்சின்



காரின் குறைகளுள் ஓசையெழுப்பி முன்னதாகவே அறிவிப்பவை சில. ஓசையின்றி இருந்து வேண்டிய வேளையில் கைவிடுபவை சில. எஞ்சினின் தயக்கம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம், வண்டி உடனே விரையாமல் மூச்சுப் பிடித்தாற்போல் நின்று, பிறகு குலுங்கி எழுகிறது. பின்னால் லாரி வர, பக்கச் சாலையிலிருந்து தில்லியின் ரிங் ரோட்டில் நுழைபவர்க்கு அந்த ஓரிரு விநாடி சிறு பொழுதன்று.

இக்குறைக்குப் பணிமனையில் சென்சார் ஒன்றை மாற்றித் தருவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது, தயக்கமோ தீர்ந்தபாடில்லை. 'புதியதும் பழுது, வேறொன்று போடுவோம்' என்பார்கள். அந்த இரண்டாம் செலவுக்கு இசையுமுன் அறியத்தக்கவை சில உள.

நம் தொழில் மொழிபெயர்ப்பு; ஆகவே சென்சாரையும் நாம் ஒரு மொழிபெயர்ப்பாளராகவே காண்கிறோம். எஞ்சினை ஆளும் கணினிக்குக் காற்றும் தெரியாது, வெப்பமும் தெரியாது. மின்னழுத்தம் ஒன்றே தெரியும். உள்ளே புகும் காற்றின் நிறையை அளக்கும் சென்சாரில் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று உண்டு. காற்று அதனைக் குளிர்விக்கும். சூடு குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அதுவே காற்றின் கணக்கு. எத்தனால் கலவாத பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனால் கலந்தால் இது சற்றுக் குறையும். அளந்த காற்றுக்கு ஏற்பவே கணினி பெட்ரோலைத் தெளிக்கிறது.

இனி, மூலத்தில் இல்லாத சொல்லை மொழிபெயர்ப்பாளர் எங்ஙனம் தருவார்? சென்சாருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால், அதன் வழியே புகும் காற்று அளக்கப்படுவதேயில்லை. காற்று மிகுந்து பெட்ரோல் குறைய, எஞ்சின் தயங்குகிறது. சென்சாரை மாற்றும்போது இந்தக் குழாயைத்தான் கழற்றுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் எஞ்சின் சூட்டில் இறுகிய ரப்பர், கழற்றும் இழுப்பிலேயே மடிப்புக்குள் விரிந்துவிடும். சென்சார் புதியது, குறையும் புதியது. முன்னது பின்னதற்குக் காரணமன்று.

நம் வண்டியில் நேர்ந்ததும் இதுவே. பணிமனையில் வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை முடுக்கிக் காட்டி, குறையொன்றும் இல்லை என்றார்கள். நின்ற நிலையில் இல்லைதான். கியரில் இட்டு நகர்த்தும்போதே எஞ்சின் தன் தாங்கிகளில் ஒருபுறம் சாய்கிறது; சாயும்போதே குழாயின் மடிப்பு வாய் திறக்கிறது. கையால் குழாயை வளைத்துப் பார்த்தபோது வெடிப்பு கண்ணுக்குப் புலனாயிற்று.

கண்ணுக்குப் புலனாகாவிடில் ஸ்கேனர் கருவி உதவும். 2013 ஏப்ரலுக்குப் பிந்திய கார்களில் இதற்கான இணைப்பு, பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். கணினி தானாகச் செய்துகொள்ளும் பெட்ரோல் திருத்தம் எத்தனை விழுக்காடு என்பதைப் படிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது கூட்டல் மிகுதியாக இருந்து, 2500 சுற்றில் குறைந்தால் காற்றுக் கசிவை ஐயுறலாம். மாறாக, பாரம் ஏற ஏறக் கூட்டலும் ஏறினால் பெட்ரோல் பம்பு, வடிகட்டி, அல்லது சென்சாரின் கணக்கையே ஐயுறவேண்டும். விலை குறைந்த போலிச் சென்சார்கள் இவ்வாறு குறைத்துச் சொல்லுவதுண்டு. இணைப்பு முள் வளைந்திருத்தல், கிளிப் முழுதும் பொருந்தாமை ஆகியவற்றைப் பார்க்கக் காசே வேண்டாம்.

இன்னொன்று: பழைய சென்சார் நெடுநாள் காற்றைக் குறைத்துச் சொல்லியிருந்தால், கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பழகியிருக்கும். புதியது உள்ளதை உள்ளவாறு சொன்னாலும் பழைய பழக்கம் சிறிது காலம் நீடிக்கும். ஸ்கேனரால் அந்த நினைவை அழிக்கலாம். பாட்டரியைக் கழற்றியும் அழிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் சில வண்டிகளில் வேறு அமைப்புகளும் உடன் அழியும் என்பதால் அதனை நாம் விரும்புவதில்லை.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்குச் சொல்லும் ஒரு சிக்கலே. இந்தி பேசும் பணிமனையில் 'பிக்கப் நஹீ ஹை' என்றால் கிளட்சையும் பார்க்கத் தொடங்குவார்கள். 'ரேஸ் தேதே ஹீ காடி அடக்தீ ஹை' என்றால், மிதித்த கணத்தில் தயங்குகிறது என்பது விளங்கும். சென்சார் மாற்றிய நாள் முதலா, அதற்கு முன்பிருந்தா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெக்கானிக்கை அருகில் இருத்தி ஓட்டிக் காட்டுவது இன்னும் நன்று. கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது பழுதற்றதாகவே இருக்கக்கூடும்.

நம் வண்டிக்குப் புதிய ரப்பர்க் குழாயும் இரண்டு கிளிப்புகளும் போடப்பட்டன. அவற்றின் விலை சென்சாரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.