வைத்தியர் நந்தி



வைத்திய கலாநிதி செ. சிவஞானசுந்தரம் என்றால் நம்மிற் பலர் யோசிப்பீர்கள். எழுத்தாளர் 'நந்தி' என்றால் தலையசைப்பீர்கள். இருவரும் ஒருவரே. 1928இல் பிறந்து 2005இல் மறைந்த அப்பெரியார், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். தோட்டத் தொழிலாளரின் வாழ்வை 'மலைக்கொழுந்து' நாவலில் எழுதினார். நாடகமும் எழுதினார், 'பொன்மணி' திரைப்படத்தில் நடித்துமிருக்கிறார். பேராசிரியர் நடிப்பதா என்று முகஞ்சுளித்தோரும் இருந்திருக்கலாம்!

என் மனத்தைக் கவர்ந்தவை அவருடைய சுகாதார நூல்களின் பெயர்கள்: 'அருமைத் தங்கைக்கு', 'நந்தினி உன் குழந்தை'. தலைப்பிலேயே வைத்தியர் ஒதுங்கித் தமையன் முன்வந்து நிற்கிறார். 'கொதித்தாறிய நீரைப் பருகுக' என்று சுவரில் எழுதியதை வாசித்துவிட்டு நடக்கிறோம். அண்ணன் சொன்னாலோ அடுப்பில் கேத்தில் ஏறுகிறது.

இந்த வித்தை நமக்கு இப்போது வேண்டும். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே டிசெம்பரில், நமக்கு அயலான மன்னாரிலே, 'அனோபிலிஸ் ஸ்டீபன்சி' என்ற புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பழைய மலேரியா நுளம்பு ஆற்றுக் குட்டைகளை நாடும். இதுவோ கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். பிறநாட்டிலிருந்து அக்காய்ச்சலோடு ஒருவர் வந்திறங்கினால், நோய் மீண்டும் பரவ வழியுண்டு.

நாடகம் போடத் தெரிந்த சங்கம் இது. இம்முறை ஒரு கிணற்றடிக் காட்சி சேர்ப்போம். மருமகள் வாளியிற் கூத்தன்புழுவைக் காட்ட, "நல்ல தண்ணியடி பிள்ளை" என்று மாமியார் சாதிக்கட்டும், சிரிப்புக்குக் குறைவிராது. மறுநாட் காலை, பாவனையற்ற கிணறுகளுக்கு வலையிட எத்தனை பேர் வருவீர்கள்? பெயர்களைச் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள்.