ஒரே புரதம், வேறு உருவம்



சீனிப்பாகில் நூலைத் தொங்கவிட்டு அசையாது வைத்தால் கற்கண்டு விளையும். அதே பாகை விடாது கிளறினால் பொடியே எஞ்சும். பொருள் ஒன்று, வைத்த முறையே வேறு. அல்சைமர் என்னும் மறதி நோயை ஆராயும் அறிஞர்களும் இத்தகைய சிக்கலொன்றை எதிர்நோக்குகின்றனர்.

1854ஆம் ஆண்டில் ஜேர்மானிய மருத்துவ அறிஞர் விர்ச்சோ, மூளையிற் கண்ட சில படிவுகள் அயடீன் பட்டதும் நிறம் மாறியதால், அவை மாப்பொருளை ஒத்தவை என எண்ணி ‘அமிலோயிட்’ எனப் பெயரிட்டார். 1859இல் இத்தகைய படிவுகள் மாப்பொருள் அல்ல, புரதச் சார்புடையவை என்பது வெளிப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. உடலில் இயல்பாக உள்ள புரதங்கள் சில, தம் மடிப்பை இழந்து ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாவதே அமிலோயிட் ஆகும்.

இந்நார்களை ஆய்வுகூடத்தில் உண்டாக்கும்போது தொடக்கத்திலேயே இடர் தோன்றுகிறது. வாங்கிய புரதத்தூளில் முன்னரே ஒட்டிய சிறு திரள்கள் இருப்பின், அவை பாலுக்கு உறை இட்டாற்போலச் செயற்பட்டுப் புதிய நார்களைத் தம் வழிக்கு இழுக்கும். ஆதலின் வலிய கரைப்பானிற் கரைத்தும், வடிகட்டும் கூழ்நிரலினூடாகச் செலுத்தியும் தனி மூலக்கூறுகளைப் பிரித்தெடுப்பர். அவற்றைப் பனிக்கட்டியில் வைத்து, தாமதியாது பயன்படுத்துவர். கரைசலை உறையவைத்து உருக்குவதும் தீங்கானது. நீர் உறையுங்கால் எஞ்சிய திரவத்திற் புரதமும் உப்பும் செறிந்து, திரள்கள் தோன்ற இடமளிக்கும்.

2005இல் அமெரிக்க ஆய்வாளர் 40 அமினோ அமிலங்களைக் கொண்ட பீற்றா அமிலோயிட்டை ஆராய்ந்தனர். ஒரு கரைசல் அசையாது விடப்பட்டது. மற்றையது மெல்ல அசைக்கப்பட்டது. தோன்றிய நார்கள் புறத்தோற்றத்தில் மட்டுமன்றி மூலக்கூற்றமைப்பிலும் வேறுபட்டன. நரம்புக் கலங்களுக்கு அவை விளைத்த நஞ்சும் ஒத்திருக்கவில்லை. கற்கண்டுக்கும் பொடிக்கும் உள்ளமைப்பு ஒன்றே. இங்கோ உள்ளமைப்பே மாறிவிட்டது. ஒவ்வொரு வகையும் தன்னை விதையாகக் கொண்டு தன்னினத்தையே பெருக்கியது.

அவ்வாறாயின், குப்பியில் விளைந்த நார் நோயாளியின் மூளையிலுள்ள நாரை ஒத்ததா? 2017இல் கேம்பிரிட்ஜ் அறிஞர், அல்சைமர் நோயால் மாண்டவரின் மூளையிலிருந்து பெற்ற டௌ புரத நார்களை, கடுங்குளிரில் இயங்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அணுவளவில் வரைந்தனர். ஹெப்பரினைச் சேர்த்து ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் உண்டாக்கிவந்த டௌ நார்கள் அவ்வடிவினவல்ல என்பது 2019இல் புலனாயிற்று.

2022இல் தீர்வுக்கு ஒரு வழி பிறந்தது. டௌ புரதத்தின் ஒரு துண்டைத் தக்க முறையில் அசைத்து, மக்னீசியம் குளோரைட்டைச் சேர்த்தபோது அல்சைமர் நாரே உருவாயிற்று. அதற்கு மாறாகக் கறியுப்பைச் சேர்த்தபோது, தலையில் அடிக்கடி அடிபட்டோரின் மூளையிற் காணப்படும் வேறொரு நார் உருவாயிற்று. உப்பு மாற, நோயின் உருவமும் மாறியது!

பூட்டின் வடிவறியாது செய்த திறவுகோல் கதவைத் திறவாது. பொருந்தா நாரிற் சோதித்த மருந்தும் நோயாளிக்கு உதவும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின், புரதத்தை எவ்வாறு தூய்மைசெய்தனர், எந்த உப்பில், எவ்வளவு குளிரில், எத்தனை நாள் வைத்தனர் என்பனவற்றை ஆய்வேட்டிற் குறிப்பது வெறும் சம்பிரதாயமன்று. தம் பெற்றோரின் பெயரையே மறந்துநிற்கும் முதியோருக்கு உரிய மருந்தைத் தேடும் பாதையில், அதுவே முதற்படி.