முடிவு வேறு, விளக்கம் வேறு
(மரவள்ளி உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆராய்ச்சிக் கட்டுரை என்பது விஞ்ஞானிகள் தமக்குள் எழுதிக்கொள்வது, நமக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் உங்களுக்குச் சொல்லப்படும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை அத்தகைய கட்டுரைகளிலிருந்து வந்தவையே. கட்டுரையில் ‘முடிவுகள்’ என்று ஒரு பகுதி உண்டு. எண்ணியதும் எடை போட்டதும் அதில் இருக்கும். அதை அடுத்து வருவது ‘விவாதம்’. ஏன் அப்படி ஆயிற்று, வேறு காரணம் இருக்குமா, எந்த நிலத்துக்குப் பொருந்தும் என்பதையெல்லாம் அங்கேதான் எழுத வேண்டும். எண்ணுவதில் பிழை குறைவு. காரணம் சொல்வதில்தான் பிழை அதிகம். என் கருத்தில் கட்டுரையிலேயே கடினமான பகுதி அதுதான்.

நம் மரவள்ளியையே எடுத்துக்கொள்வோம். 2020-ஆம் ஆண்டு கேரளத்தில் திருச்சூர் பகுதியில் மரவள்ளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் பரவியது. நுனி இலைகள் சுருண்டு, கணுக்கள் குறுகி, செடியின் தலை கொத்தாகி நின்றதை ஆத்தூர், இராசிபுரம் பக்கங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், இப்பூச்சியை அழிக்கும் அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து வளர்த்தது. 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது.

ஓர் உழவர் வயலில் குளவி விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசியில் பார்த்தால் மாவுப்பூச்சி வெகுவாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது என்பது முடிவு. குளவியால் குறைந்தது என்பது விளக்கம். இரண்டுக்கும் நடுவே மழை நிற்கிறது! பலத்த மழை பெய்தால் மாவுப்பூச்சி கழுவப்பட்டுத் தானே குறையும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே ஐப்பசிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு குளவிக்கு மாலை போட முடியாது. அதே குறைவு சித்திரை வெயிலில், பூச்சி பெருக வேண்டிய காலத்தில் காணப்பட்டால் விளக்கத்துக்கு வலு கூடும். பூச்சிகள் பழுப்பு நிறமாகி, உப்பி, விறைத்து, உடலில் ஊசித் துளையோடு காய்ந்து கிடந்தால் குளவி வேலை செய்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று.

இந்தச் சிக்கல் ஆப்பிரிக்காவில் முன்பே எழுந்தது. இப்பூச்சி 1970-களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. 1981-இல் நைஜீரியாவில் குளவியை விட்டார்கள். பூச்சி குறைந்தது. ஆனால் காரணம் குளவிதானா என்று ஆய்வாளர்கள் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். சில செடி நுனிகளைத் துணி உறையால் மூடிக் கட்டினார்கள். குளவி உள்ளே போக முடியாது. மூடிய உறைக்குள் பூச்சி பெருகியது. அத்துடன் நிறுத்தியிருந்தால் ஒருவர் எழுந்து, “உறைக்குள் மழை படவில்லை, வெப்பமும் வேறு, அதனால் பெருகியிருக்கலாமே” என்று கேட்பார். அதற்காகவே வேறு சில நுனிகளுக்கு அதே உறையை மாட்டி, வாயைத் திறந்து வைத்தார்கள். குளவி புகுந்து வரக்கூடிய அந்த உறைகளில் பூச்சி அந்த அளவு பெருகவில்லை. 1986-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. இதே பணியில் பூச்சிமருந்து தெளித்துக் குளவியை அகற்றிய பயிரில் மாவுப்பூச்சி பெருகியதையும் கண்டார்கள். மருந்து வாங்கப் புறப்படும் முன் நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி இது.

நல்ல விவாதம் எல்லையையும் சொல்லும். சத்தில்லாத மணற்பாங்கான நிலத்தில், மூடாக்கும் இல்லாமல் வளர்ந்த மரவள்ளியில் குளவி அவ்வளவு பயன் தரவில்லை என்பதையும் பின்னாளில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தம் வெற்றிக்கு எதிரானதை மறைக்கவில்லை. அதனால்தான் மற்றதையும் நம்ப முடிகிறது. கட்டுரையில் வரும் சொற்களையும் கவனியுங்கள். ‘உறுதியாகிறது’ என்பதற்கும் ‘கருத இடமுண்டு’ என்பதற்கும் ஒரு சாகுபடிச் செலவு வித்தியாசம் உண்டு.

நீங்களும் ஆய்வு செய்பவர்கள்தாம். பாதி வயலில் புது உரம், பாதியில் பழைய முறை என்று வைத்துப் பார்க்கிறீர்கள். பறித்து ஆலைக்கு அனுப்பினால் புது உரமிட்ட கிழங்குக்குப் பாயிண்ட் கூடுதலாக வருகிறது. உடனே அடுத்த பட்டத்துக்கு முழு வயலுக்கும் வாங்கிவிடலாமா? புது உரமிட்ட பாதி தலைமடையா, கடைமடையா? இரண்டையும் ஒரே வாரத்தில் பறித்தீர்களா? நடுவில் மழை பெய்து செடி துளிர்த்திருந்தால், பின்னால் பறித்த கிழங்கில் மாவுச்சத்து குறைந்திருக்கும்; உரத்தின் மேல் குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை. இரண்டு பாதியிலும் ஒரே இரகக் கரணையா? பக்கத்து வயல்காரருக்கும் இதே போல் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் ஏன்? இவற்றுக்கு விடை எழுதினால் அதுதான் விவாதப் பகுதி. நாற்பது பக்கம் வேண்டாம், நோட்டில் அரைப் பக்கம் போதும்.

ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதும்போதும், “மருந்து கேட்கவில்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். என்ன இரகம், நட்டது எந்த மாதம், தெளித்த பிறகு எத்தனையாம் நாள் மழை, வயலில் எத்தனை நுனிகளைப் பார்த்து எத்தனையில் பூச்சி இருந்தது, துளையுள்ள பழுப்புப் பூச்சி கண்ணில் பட்டதா என்று எழுதுங்கள். காரணம் என்று நீங்கள் நினைப்பதைத் தனிப் பத்தியில், இது என் ஊகம் என்று குறித்தே எழுதுங்கள்.